சோனியின் கையடக்க கன்சோல் வதந்தி: சிப் யாருடையது என்பதை வைத்து முடிவெடுக்கலாமா?

ரயில்பயணி (கேள்வி)

வணக்கம். வேலைக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம், எல்லாம் ரயிலிலேயே கழிகிறது. வீட்டில் சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோல் இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் உட்கார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் வாய்க்கிறது. இதுவரை வாங்கிய கேம்கள் இருபத்து மூன்று, முடித்தவை ஏழு.

அத்தை மகன் ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து வருகிறார். வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் ஒன்றை வாங்கி வரச் சொல்லலாம் என்று பணமும் ஒதுக்கி வைத்துவிட்டேன். வால்வ் இங்கே நேரடியாக விற்பதில்லை, யாராவது வரும்போது கொண்டுவந்தால்தான் உண்டு. இன்னும் பதினைந்து நாளில் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

குறுக்கே இந்த வதந்தி. பிஎஸ்5 கேம்களை ஓட்டக்கூடிய கையடக்க கன்சோல் ஒன்றைச் சோனி உருவாக்குகிறது, வெளிவரச் சில வருஷம் ஆகும் என்று 2024 நவம்பரில் ப்ளூம்பெர்க் எழுதியது. 2025 அக்டோபரில் பிஎஸ்5-ன் தலைமை வடிவமைப்பாளரான சோனியின் மார்க் செர்னி, சிப் செய்யும் ஏஎம்டி நிறுவனத்தின் அதிகாரியோடு சேர்ந்து உட்கார்ந்து அடுத்த கட்ட கிராபிக்ஸ் நுட்பங்களைப் பற்றி வீடியோவில் பேசினார். பிஎஸ்5-க்கு மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் வசதியும் வந்துவிட்டது. இதையெல்லாம் கூட்டிக் கழித்து "ஏஎம்டிதான், முடிந்துபோன விஷயம்" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "கையடக்கத்துக்கு டிஎல்எஸ்எஸ்தான் உயிர், அது என்விடியாவிடம்தான் இருக்கிறது, சோனி அங்கேதான் போகும்" என்று இன்னொரு கூட்டம். (டிஎல்எஸ்எஸ் என்பது சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாகக் காட்டும் நுட்பம், என்விடியா ஏஎம்டிக்குப் போட்டியான சிப் நிறுவனம்.)

சிப் யாருடையது என்பது என்னைப் போன்ற ஆளுக்கு உண்மையிலேயே எதையாவது சொல்கிறதா? காத்திருப்பதா, வாங்குவதா?

மணல்சிப்

ஏஎம்டிதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். பிஎஸ்4, பிஎஸ்4 ப்ரோ, பிஎஸ்5, பிஎஸ்5 ப்ரோ நான்கிலும் அவர்கள் சிப்தான். டெக்கிலும் அவர்களுடையதுதான். டிஎல்எஸ்எஸ் இல்லாவிட்டால் என்ன? பிஎஸ்5 ப்ரோவில் பிஎஸ்எஸ்ஆர் என்று சோனியே சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேலான உறவை யாரும் நடுவில் அறுக்க மாட்டார்கள். காத்திருங்கள்.

செம்புக்குடம்

மணல்சிப் சொல்லும் பெயர் சரியாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் உறவு இல்லை. இதை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2009 அக்டோபர். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். நிண்டெண்டோவின் டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு அடுத்து வருவதில் என்விடியாவின் டெக்ரா சிப் வருகிறது என்று ஒரு செய்தி வந்தது. வந்த வேகத்தில் அது வதந்தி என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. டெக்ராவில் என்ன ஓடும், எத்தனை முக்கோணம் வரையும் (3டி படம் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனதுதான்) என்று விடுதி அறையில் விடிய விடியப் பேசியிருக்கிறோம். 2010 மார்ச்சில் அந்தக் கருவிக்கு 3டிஎஸ் என்ற பெயர் வந்தது. ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் இ3 கண்காட்சியில் கருவியையே காட்டினார்கள். அதற்கு அடுத்த வாரம் டோக்கியோவிலிருந்து டிஎம்பி என்ற ஒரு நிறுவனம், 3டிஎஸ்ஸில் இருப்பது எங்கள் பிகா200 கிராபிக்ஸ் என்று அறிவித்தது. 2002-ல் தொடங்கிய சின்ன நிறுவனம். எங்கள் அறையில் ஒருவருக்குக்கூட அந்தப் பெயர் தெரியாது.

ஏன் அவர்கள்? டிஎம்பி சிப் விற்கும் நிறுவனம் இல்லை, சிப்பின் வடிவமைப்பை உரிமம் கொடுத்து விற்கும் நிறுவனம். அதை வாங்கி நிண்டெண்டோ தன் சொந்தச் சிப்புக்குள் வைத்துக்கொள்ளலாம். பழைய டிஎஸ் கேம்கள் ஓட வேண்டும் என்பதற்காக ஏஆர்எம்9, ஏஆர்எம்7 என்ற செயலிகள் இரண்டும் புது ஏஆர்எம்11 செயலியோடு சேர்ந்து 3டிஎஸ்ஸுக்குள் இருக்கின்றன. இப்படித் தனக்கு வேண்டியதை எல்லாம் ஒரே இடத்தில் அடுக்குகிறவருக்கு, வேறொருவர் முழுசாகச் செய்து கொடுக்கும் சிப் எளிதில் பொருந்தாது.

இன்னொன்று மின்சாரம். பல வருஷம் கழித்து ஒரு பழைய 3டிஎஸ் வாங்கி அதற்கு நானே நிரல் எழுத உட்கார்ந்தேன். முதல் முக்கோணம் திரையில் வந்தபோது பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. அரை நாள் தேடிய பிறகுதான் புரிந்தது, அந்தக் கருவியின் திரைகளே நெட்டாகச் செய்யப்பட்டு, படுக்க வைத்துப் பொருத்தப்பட்டவை. படத்தை நாம்தான் திருப்பி வரைய வேண்டும். சரி, திருப்பினேன். அப்புறம் பாட்டி வீட்டுச் செம்புக் குடம் ஒன்றை மாடலாகச் செய்து அதன்மேல் ஒளி விழ வைக்கப் பார்த்தேன். இன்றைய சிப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று நாமே ஒரு சின்ன நிரல் எழுதுவோம், அதுதான் ஷேடர். பிகா200-ல் புள்ளிக்கான ஷேடர் கிடையாது. ஒளி, பளபளப்பு எல்லாம் வன்பொருளிலேயே பதிந்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணையை நிரப்பிக் கொடுப்பது மட்டும். செம்பு எந்தக் கோணத்தில் எவ்வளவு மின்னும் என்பதை அந்த 256 எண்களில் சொல்ல வேண்டும். மூன்று ராத்திரி எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். நான்காம் நாள் குடத்தைச் சுழற்றினால், கழுத்துக்குக் கீழே இருக்கும் வளைவில் ஒளி வழுக்கிக்கொண்டே போனது. படத்தின் ஆழத்தைக் கூட்டும் 3டி ஸ்லைடரை ஏற்றினேன், அதாவது இடக்கண்ணுக்கு ஒரு முறை, வலக்கண்ணுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை வரைய வேண்டும். அப்போதும் படம் திணறவில்லை. எதை எல்லாம் பொதுவாகச் செய்ய வேண்டாமோ அதை விட்டுவிட்டதால்தான் 1300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் இது முடிந்தது. பெயர் தெரியாத அந்த நிறுவனத்தின்மேல் அன்றைக்கு எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இரண்டாவது முறை, 2016. நிண்டெண்டோவின் அடுத்த கருவிக்கு என்எக்ஸ் என்று பெயர். ஏஎம்டிதான் என்று அப்போதும் பலர் அடித்துச் சொன்னார்கள். காரணம் மணல்சிப் சொல்லும் அதே உறவு. நிண்டெண்டோவின் கேம்க்யூப் கன்சோலுக்கு கிராபிக்ஸ் சிப்பைச் செய்த ஆர்ட்எக்ஸ் நிறுவனத்தை 2000-ல் ஏடிஐ நிறுவனம் வாங்கியது, ஏடிஐயை 2006-ல் ஏஎம்டி வாங்கியது. அடுத்து வந்த வீ, வீ யு கன்சோல்கள் இரண்டும் அந்த வழியில் வந்தவைதான். மூன்று தலைமுறை உறவு. ஜூலையில் யூரோகேமர் என்ற கேம் செய்தித்தளம் டெக்ரா என்று எழுதியது. அக்டோபர் 20 அன்று என்எக்ஸை ஸ்விட்ச் என்ற பெயரில் அறிவித்தபோது என்விடியாவே அதை உறுதி செய்தது. அறுந்தது எப்படி? ஸ்விட்ச் வீ யு கேம்களை ஓட்ட வேண்டியதில்லை என்று நிண்டெண்டோ முடிவெடுத்துவிட்டது. ஓட்ட வேண்டியதில்லை என்றான பிறகு பழைய சிப்காரரோடு கட்டிப்போட எதுவும் இல்லை.

அந்தத் தடவை பெயரைச் சரியாகச் சொன்னவர்களில் பலரும் தலைமுறையைத் தப்பாகச் சொன்னார்கள். பாஸ்கல் தலைமுறைப் புதுச் சிப் வரும் என்றார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது 2015-லேயே என்விடியாவின் ஷீல்ட் டிவி பெட்டியில் வந்துவிட்ட டெக்ரா எக்ஸ்1. பெயர் தெரிந்ததால் நமக்கு என்ன தெரிந்தது, யோசித்துப் பாருங்கள்.

ஸ்விட்ச் 2-க்கு நிலைமை தலைகீழ். பழைய ஸ்விட்ச் கேம்கள் அதில் ஓடியாக வேண்டும். அந்த கேம்களின் ஷேடர்கள் பழைய என்விடியா சிப்புக்கென்றே முன்கூட்டித் தொகுக்கப்பட்டு வருகின்றன. அதே நிறுவனத்தின் புதுச் சிப்புக்கே அவற்றை மொழிபெயர்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது, ஸ்விட்ச் 2-க்குள் பழைய ஸ்விட்சின் வன்பொருள் எதுவும் இல்லை என்று நிண்டெண்டோவே சொன்னது. வேறு நிறுவனத்துக்குத் தாவினால் அந்த வேலை எத்தனை மடங்காகும்! 2022-ல் என்விடியாவிலிருந்து திருட்டுப்போன கோப்புகளில் ஸ்விட்ச் 2-க்கான சிப்பாக டி239 என்ற பெயர் வெளிவந்தபோது அதனால்தான் நான் உடனே நம்பினேன்.

இப்போது சோனிக்கு வருவோம். இந்தக் கருவி பிஎஸ்5 கேம்களை ஓட்டும் என்பது உண்மையானால், சிப் ஏஎம்டியாகத்தான் இருக்கும். அது உண்மையில்லை என்றால் யாருடையதாகவும் இருக்கலாம். சோனியும் தாவியிருக்கிறது, அதன் பழைய கையடக்கக் கருவியான பிஎஸ் வீட்டாவில் இருந்தது இங்கிலாந்தின் இமேஜினேஷன் நிறுவனத்தின் கிராபிக்ஸ் வடிவமைப்பு. ஆகவே வதந்தியில் தேட வேண்டியது சிப்பின் பெயரை அல்ல. "என் பழைய கேம்கள் ஓடுமா?" என்பதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள், தம்பி. உங்களுக்கு இருபத்து மூன்று கேம் இருக்கிறதே, உங்களுக்கு அதுதான் முக்கியம்.

வாட்கணக்கு

செம்புக்குடம் அண்ணன் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன், ரயில்பயணியின் பயணத்தை வைத்தே.

போக வர இரண்டரை மணி நேரம். டெக்கின் ஓஎல்இடி திரை உள்ள மாடலில் இருப்பது 50 வாட் மணி பேட்டரி. வகுத்தால் திரை, ஸ்பீக்கர், விசிறி எல்லாம் சேர்த்து 20 வாட். பிஎஸ்5 கேம் ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். பத்தில் ஒரு பங்கில் அதே கேமை ஓட்ட வேண்டும்.

கிராபிக்ஸ் பக்கம் இதைச் சமாளிக்கலாம். 4கே திரைக்கு எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள், டெக்கின் 1280க்கு 800 திரைக்குப் பத்து லட்சம் சொச்சம். வேலை எட்டில் ஒன்றாகிறது. மெமரி வேகம் பிஎஸ்5-ல் விநாடிக்கு 448 ஜிபி, டெக் ஓஎல்இடியில் 102 ஜிபி. நாலில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு, ஆனால் புள்ளிகள் அதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டன.

மாட்டிக்கொள்ளும் இடம் சிபியு, அதாவது கேமின் கணக்குகளைச் செய்யும் பொதுச் செயலி. எதிரிகள் எப்படி நகர்கிறார்கள், பெட்டி விழுந்தால் எங்கே உருளும் என்பதெல்லாம் திரை சின்னதானால் குறைவதில்லை. பிஎஸ்5-ல் ஏஎம்டியின் ஜென் 2 வகைச் செயலிக் கோர்கள் எட்டு, டெக்கில் நான்கு. டிஎல்எஸ்எஸ், பிஎஸ்எஸ்ஆர் எது வந்தாலும் படத்தைப் பெரிதாக்குமே தவிர இந்த வேலையைத் தொடாது. ஆகவே "டிஎல்எஸ்எஸ்தான் உயிர்" என்ற கூட்டம் பாதிக் கருவியைத்தான் பார்க்கிறது. ஏஎம்டியின் புது கோர்களும் புது உற்பத்தி முறையும் குறைந்த வாட்டில் எவ்வளவு தரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குத்தான் சில வருஷம் ஆகும் என்கிறார்கள்.

மணல்சிப்

வீ யு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோனி பழைய கேம்களைக் கைவிடாது என்றே இன்னமும் நினைக்கிறேன். பிஎஸ்5-ல் பிஎஸ்4 கேம்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஓடுகின்றன. அந்தப் பழக்கத்தை மக்களுக்குக் கொடுத்துவிட்டு இனிமேல் திரும்ப வாங்க முடியாது.

செம்புக்குடம்

அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன் மணல்சிப். அது உறவைவிட நல்ல காரணம்.

ரயில்பயணி, என் யோசனை: டெக்கை வாங்கிக்கொள்ளுங்கள். வெளிவரச் சில வருஷம் என்று வதந்தியே சொல்கிறது, அதுவரை தினமும் இரண்டரை மணி நேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போக வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் பிஎஸ்5 கேம்கள் டெக்கில் ஓடாது. வீட்டு வைஃபையில் ஸ்ட்ரீம் செய்யலாம், ரயிலில் அது நடக்காது. வால்வின் ஸ்டீம் இணையக் கடையில் தனியாகத்தான் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரயில்பயணி

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஓட்டைக் குறிப்பேடு ஒன்றில் கணக்கு எழுதிப் பார்த்தேன். முடிக்காத பதினாறில் ஒன்பது ஸ்டீமிலும் இருக்கின்றன. ஆனால் அவற்றை மறுபடி வாங்க மனசில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அவை இருக்கட்டும், ரயிலுக்கு வேறு சின்ன கேம்கள் வாங்கிக்கொள்கிறேன். அத்தை மகனுக்குச் சொல்லியாயிற்று, 50 வாட் மணி உள்ள ஓஎல்இடிதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

செம்புக்குடம் அண்ணா, அந்தக் குடம் நிரல் இன்னும் இருக்கிறதா? தங்கை அலமாரியில் ஒரு பழைய 3டிஎஸ் சும்மா கிடக்கிறது.

செம்புக்குடம்

இருக்கிறது தம்பி. மூலக்கோப்பு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, அந்த 256 எண்களும் அப்படியே. நாற்பதாவது எண்ணிலிருந்து ஐம்பது வரை ஒரு சின்ன மேடு தெரியும், அதை மாற்றாதீர்கள். குடத்தின் கழுத்துக்குக் கீழே வரும் மினுக்கு அதுதான். சனிக்கிழமை எடுத்து இங்கேயே போடுகிறேன். முதலில் உங்கள் தங்கையின் 3டிஎஸ்ஸை சார்ஜ் போட்டுப் பாருங்கள், பல வருஷம் கிடந்த பேட்டரி உப்பியிருந்தால் செருகாமல் சொல்லுங்கள்.