மறு: மெம்கம்ப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். மெம்கம்ப் (memcmp) என்பது நினைவகத்தில் உள்ள இரண்டு பைட் தொடர்களை ஒப்பிடும் சி மொழிச் செயற்கூறு. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் வந்த ஒரு பதிலுக்கு இது மறுமொழி.

> ‘பைட்டுவாரி ஒப்பீடு’ போதுமே, எளிதாகப் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் எதிலிருந்து பிரித்துக் காட்டும்? சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, ஒப்பிடும் ஸ்ட்ரென்கம்ப்பும் (strncmp) பைட் பைட்டாகத்தான் பார்க்கிறது. ‘இரும ஒப்பீடு’ என்றாலும் இதே சிக்கல். கணினிக்குள் எல்லாமே இருமம்தான். ‘நினைவக ஒப்பீடு’? சரமும் நினைவகத்தில்தானே இருக்கிறது.

எங்கே நிற்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. சரம் சுழியத்தில் (மதிப்பு 0 உள்ள பைட்டில்) முடியும். அதனால் ஐந்து பைட் பார் என்று சொன்னாலும், இரண்டு பக்கமும் சுழியம் வந்த இடத்திலேயே ‘சமம்’ என்று ஸ்ட்ரென்கம்ப் திரும்பிவிடும். மெம்கம்ப்புக்குச் சுழியமும் ஓர் எண், அவ்வளவுதான்.

ஊட்டிப் பக்கம் கேரட் தோட்டத்தில் உறைபனியைக் கவனிக்க வைத்த கருவியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. உள்ளே இருப்பது டிஹெச்டி22 (DHT22) உணரி; ஒவ்வொரு அளவீட்டையும் ஐந்து பைட்டாகத் தரும். ஈரப்பதத்துக்கு இரண்டு பைட், வெப்பநிலைக்கு இரண்டு, சரிபார்ப்புக்கு ஒன்று; அளவுகள் பத்தால் பெருக்கி வரும், மேல் பைட் முதலில். கருவியோடு வந்த டிரைவர் (உணரியைப் படிக்கும் மென்பொருள்), அளவீடு மாறினால் மட்டுமே மேலே அனுப்பும்; மாறியதா என்பதை ஸ்ட்ரென்கம்ப் வைத்துத்தான் பார்த்தது. கோவையில் 31 டிகிரி என்றால் 310; ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும், அதனால் மேல் பைட் 1. எந்தக் கோளாறும் தெரியாது. 25.6 டிகிரிக்குக் கீழே வந்தால் அந்த மேல் பைட் சுழியம். ஊட்டியில் பனிக்கால ராத்திரியில் வேறென்ன வரும்? மூடுபனியில் ஈரப்பதம் 99.9-லேயே நிற்க, வெப்பம் 9-லிருந்து 4-க்கு இறங்குகிறது. வெப்பநிலையின் மேல் பைட்டான மூன்றாவது பைட்டிலேயே ஒப்பீடு முடிந்துவிடுகிறது. மாறிய நான்காவது பைட்டையும் பார்க்கவில்லை, சரிபார்ப்பு பைட்டையும் பார்க்கவில்லை. பயிர் கருகப்போகும் நேரத்தில் டிரைவர் ‘மாற்றமில்லை’ என்கிறது. திருத்தம் ஒரே வரி: ஸ்ட்ரென்கம்ப் இருந்த இடத்தில் மெம்கம்ப்.

ஆகவே என் பரிந்துரை: மெம்கம்ப் ‘சுழியம் தாண்டும் ஒப்பீடு’, ஸ்ட்ரென்கம்ப் ‘சுழியத்தில் நிற்கும் ஒப்பீடு’. பெயர் கொஞ்சம் நீளம்தான். ஆனால் டிரைவர் எழுதுகிறவர் தன் தரவில் சுழியம் வருமா என்று ஒரு கணம் யோசிப்பார்.

மெம்கம்ப்புக்குக் கோத்தகிரி அக்கா சொன்ன ‘முழுநீள ஒப்பீடு’ அருமையான சொல். அதை இதற்குச் செலவழிக்க வேண்டாம். முதல் வேறுபாடு கண்டதுமே மெம்கம்ப் திரும்பிவிடலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் க்ரிப்டோ_மெம்நெக் (crypto_memneq) என்று ஒன்று இருக்கிறது. எடுக்கும் நேரத்தை வைத்து ரகசியத்தை யாரும் ஊகிக்கக் கூடாது என்று, வேறுபாடு தெரிந்த பிறகும் கடைசி பைட் வரை போகும். அக்காவின் சொல் அதற்குத்தான் பொருந்தும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இந்தத் திருத்தத்தின் பேட்ச் குறிப்பில் இந்தச் சொற்களையே போட்டுவிடுகிறேன்.