ஒரே பாத்திரத்துல கொத்துக்கறி: புதுசா வந்தவங்க கேட்டதும் கிடைச்ச பதிலும்

கேட்டவர்:

வெளிநாட்டுக்கு வந்து மூணு வாரம் ஆகுது. நான், மனைவி, ரெண்டு பசங்க. வேலை விட்டு வர்றதுக்குள்ள எல்லாருக்கும் பசி வந்துடுது, தினமும் வெளியில வாங்கிக் கட்டுப்படியாகல. கறியிலேயே விலை கம்மியா இருந்தது அரைச்ச கறிதான். வெங்காயத்தோட போட்டு வதக்கினேன். சாம்பல் கலர்ல, தண்ணியில ஊறின ரப்பர் மாதிரி வந்துச்சு. பெரியவன் தட்டை நகர்த்தி வெச்சுட்டான். வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு பெரிய பாத்திரம். இதை வெச்சு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.

பதில்:

தம்பி, அந்த ஒரு பாத்திரம் தாராளமா போதும். அடி கனமா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. அரைச்ச கறியும் உருளையும் சேர்த்து வேக வைக்கிற ஒரு குழம்பு சொல்றேன், இங்கத்து பழைய காலத்து வீடுகள்ல கொஞ்சூண்டு கறியை வெச்சு வீடே சாப்பிடணும்னு கண்டுபிடிச்ச சமையல்தான் இது. சொல்லித்தர பெருசா எதுவும் இல்ல. ஆனா முதல் பத்து நிமிஷத்துல கோட்டை விட்டா அப்புறம் எதைப் போட்டும் தேத்த முடியாது.

வாங்கும்போதே லேபிளைப் படிங்க. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் 'மின்ஸ்'னு போட்டிருக்கும். அமெரிக்கா, கனடான்னா 'கிரவுண்ட்'. எந்த மிருகம்னு தனியா எழுதியிருப்பாங்க, மாடும் பன்றியும் கலந்த பாக்கெட்டும் உண்டு. சாப்பாட்டுல கட்டுப்பாடு இருக்கிறவங்க சின்ன எழுத்தையும் விடாம படிக்கணும். 'மின்ஸ்மீட்'னு கண்ணாடி ஜாடியில ஒண்ணு இருக்கும், அதைத் தொடாதீங்க. வந்த முதல் வருஷம் நான் பெருமையா வாங்கிட்டு வந்தேன். இந்தப் பக்கம் வெங்காயம் வதங்கிட்டு இருக்கு, அந்தப் பக்கம் மூடியைத் திறந்தா உலர்திராட்சை, சர்க்கரை, பட்டை வாசனை. அது இனிப்புப் பலகாரத்துக்குள்ள வைக்கிற பூரணம். அன்னைக்கு ராத்திரி ரொட்டியும் வதக்கின வெங்காயமும் சாப்பிட்டோம்.

பாக்கெட்டுல கொழுப்பு எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். 5 போட்டது விலை அதிகம், சீக்கிரம் வறண்டும் போகும். 20 போட்டது மலிவு, ஆனா நெய்யா உருகி நிக்கும். நான் எடுக்கிறது 10லேருந்து 15 வரை. 20தான் கிடைச்சுதுன்னாலும் கவலை இல்ல, உருகினதைக் கரண்டியால எடுத்துட்டா முடிஞ்சுது.

நாலு பேருக்கு அரை கிலோ கறி. வெங்காயம் பெருசா ரெண்டு, கேரட் ரெண்டு, உருளை மூணு நாலு, தக்காளி பேஸ்ட் ஒரு ஸ்பூன், ஸ்டாக் கட்டி (வெந்நீர்ல கரைச்சா சூப் மாதிரி சாறு ஆகுற சின்ன உப்புக் கட்டி) ஒண்ணு, ஓட்ஸ் ஒரு கை. அவ்வளவுதான்.

இப்ப உங்க சாம்பல் கறிக்கு வர்றேன். கறியில பாதிக்கு மேல தண்ணிதான். அரைக் கிலோவையும் ஒரே தள்ளா தள்ளினா பாத்திரம் சட்டுனு குளிர்ந்துடும், உள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்துடும், கறி அந்தத் தண்ணியிலேயே வேகும். தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து அந்த வறுத்த வாசனை வரணும்னா 140 டிகிரிக்குப் பக்கத்துலயாவது போகணும். அதனால பாத்திரத்தை நல்லா காய வைங்க, ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊத்துங்க, கறியில பாதியை மட்டும் போட்டுப் பரப்பி விடுங்க. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. கிண்டவே கூடாது. நம்ம ஆளுங்களுக்கு இதுதான் கஷ்டம், கையில கரண்டி இருந்தா சும்மா இருக்க மாட்டோம்.

காதைத் தீட்டிக்கோங்க. முதல்ல கொதகொதன்னு ஈரச் சத்தமா கேக்கும். ஆவி அடங்கினதும் சத்தம் மாறி சடசடன்னு பொரிய ஆரம்பிக்கும். அந்த இடத்துலதான் புரட்டணும். அடியில காப்பிப்பொடி நிறத்துல படிஞ்சிருக்கும், அது நல்லதுக்குத்தான். எடுத்துத் தட்டுல வெச்சுட்டு மிச்சப் பாதியையும் அதே மாதிரி வறுத்து எடுங்க.

கொழுப்பு நிறைய நின்னா ரெண்டு ஸ்பூன் மட்டும் விட்டுட்டு மீதியை ஒரு பழைய டப்பாவுல வழிச்சு ஊத்தி, உறைஞ்சதும் குப்பையில போடுங்க. சிங்க்ல ஊத்தவே ஊத்தாதீங்க. குழாய்க்குள்ள போய் மெழுகு மாதிரி கட்டிக்கும். நான் ஊத்தி அடைச்சு, சரி பண்ண வந்த ஆளோட கூலியை வீட்டு ஓனர் என் தலையிலேயே கட்டினார்.

அந்தக் கொழுப்புலேயே வெங்காயமும் கேரட்டும். வெங்காயம் விடுற ஈரத்துல அடியில படிஞ்சது இளகும், அரை டம்ளர் தண்ணி விட்டு மரக்கரண்டியால சுரண்டி விடுங்க. குழம்போட ருசி முக்கால்வாசி அதுலதான் இருக்கு. கறியைத் திரும்பப் போட்டு, ஸ்டாக் கட்டி கரைச்ச வெந்நீர் முக்கால் லிட்டர் ஊத்தி, மூடி சாய்ச்சு வெச்சு, சின்னத் தீயில முக்கால் மணி நேரம். இருபது நிமிஷத்துலேயே கறி வெந்துடும், ஆனா அப்ப சாப்பிட்டா குருணை குருணையா இருக்கும். மலிவான கறி நரம்பும் சவ்வுமா இருக்கிற இடத்துலேருந்துதான் வரும், அது கரைஞ்சு குழம்பு வழவழன்னு ஆக நேரம் எடுக்கும். தளபுளன்னு கொதிக்க விடாதீங்க, அங்கங்க ஒரு குமிழி வந்தா போதும்.

பாதி நேரம் ஆனதும் உருளையைப் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வெட்டிப் போட்டு, கூடவே ஓட்ஸையும் தூவுங்க. ஓட்ஸ் இருக்கிறதே தெரியாது. கறியோட கலந்து கரைஞ்சு குழம்பைக் கெட்டியாக்கும், அரைக் கிலோவை முக்கால் கிலோ மாதிரி காட்டும். தக்காளி பேஸ்ட்டை உருளை மெத்துனு ஆனப்புறம் கடைசி அஞ்சு நிமிஷத்துல சேருங்க. புளிப்புல காய்கறி வேக மாட்டேன்னு அடம் பிடிக்கும், நாம புளி ஊத்துறதுக்கு முன்னாடி காயை வேக விடுறோமில்ல, அதே கதைதான். உப்பு எல்லாத்துக்கும் கடைசி. ஸ்டாக் கட்டியிலேயே உப்பு அள்ளிக் கொட்டியிருப்பாங்க, ருசி பாத்துட்டுப் போடுங்க. மிளகு தாராளமா.

முதல் தடவை மசாலா எதுவும் போடாம செஞ்சு பாருங்க. கை பரபரக்கும், எனக்கும் பரபரத்துச்சு. ரெண்டாவது தடவை உங்க இஷ்டம்.

இன்னொருத்தர்:

அக்கா, ஓட்ஸ் வாடை எங்க வீட்டுல ஆகாது. வேற என்ன போடலாம்? அப்புறம் கறி உள்ள லேசா சிவப்பா இருந்தா பரவாயில்லையா? இங்க எல்லாரும் ஸ்டீக்கை அப்படித்தானே சாப்பிடுறாங்க.

பதில்:

மைசூர்ப் பருப்பு ஒரு கை போடும்மா. ஊற வைக்க வேண்டாம், இருபது நிமிஷத்துல குழைஞ்சுடும். தண்ணி மட்டும் ஒரு டம்ளர் கூட.

ஸ்டீக்கையும் இதையும் ஒண்ணா நினைக்கக் கூடாது. முழுத் துண்டுல கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் இருக்கும், சூடு பட்டதும் போயிடும். அரைக்கும்போது வெளிய இருந்ததெல்லாம் உள்ள போயிடுதே. அதனால முழுசா வேகணும். நிறத்தை வெச்சு முடிவு பண்ண முடியாது, வேகாமலே பழுப்பாகிற கறியும் உண்டு. தெர்மாமீட்டர் இருந்தா ஆடு, மாடு, பன்றிக்கு 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கும் வான்கோழிக்கும் 74. நான் சொன்ன மாதிரி முக்கால் மணி நேரம் கொதிச்சா அதைத் தாண்டிடும், பயப்பட வேண்டாம். சைவம்னா சோயா குருணையில இதே முறைதான், வேகுற நேரம் மட்டும் பாதி.

கேட்டவர்:

அக்கா, நேத்து செஞ்சேன். சத்தம் மாறுறது நிஜமாவே கேட்டுச்சு. ஆனா அதே நேரத்துல புகை அலாரமும் கத்த ஆரம்பிச்சுடுச்சு, சின்னவன் அழுதுட்டான். ஒரு கவர் போட்டு அலாரத்தை மூடிடலாமா? அப்புறம், மிச்சம் ராத்திரி அடுப்பு மேலேயே இருந்துச்சு. காலையில ஒரு கொதி விட்டுட்டா போதும்ல?

பதில்:

ஐயோ, மூடாதீங்க தம்பி. ராத்திரி நிஜமாவே தீப்பிடிச்சா எழுப்புறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. பாத்திரத்தைக் காய வைக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னலைத் திறந்து, அடுப்பு மேல இருக்கிற ஃபேனை முழு வேகத்துல விட்டு, அடுப்படிக்கும் அலாரத்துக்கும் நடுவுல கதவு இருந்தா சாத்திடுங்க. எண்ணெய் புகைய ஆரம்பிச்சா சூடு அதிகம்னு அர்த்தம். மின் அடுப்பு குறைச்ச உடனே ஆறாது, பாத்திரத்தை ஒரு நிமிஷம் தள்ளி வைங்க.

ராத்திரி முழுக்க வெளிய இருந்ததைக் கொட்டிடுங்க. மனசு கேக்காது, தெரியும். கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஆனா அது விட்டுட்டுப் போற நஞ்சுல சிலது கொதிச்சாலும் அழியாது. இனிமே சாப்பிட்டு எழுந்ததும் அகலமான டப்பாவுல மெலிசா பரப்பி ஆற வெச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுல வெச்சுடுங்க. மூணு நாலு நாள் தாங்கும். வாங்கின பச்சைக் கறியை ஒண்ணு ரெண்டு நாளைக்கு மேல ஃபிரிட்ஜுல வைக்காதீங்க.

பெரிய பாக்கெட் வாங்கினா அரைக் கிலோ அரைக் கிலோவா பிரிச்சு, ஜிப் கவர்ல போட்டு, சப்பாத்திக் கட்டையால தட்டையா உருட்டி ஃப்ரீசர்ல அடுக்குங்க. உருண்டையா போட்டா உறையவும் இளகவும் ஒரு யுகம் ஆகும், தட்டையா இருந்தா முந்தின நாள் ராத்திரி ஃபிரிட்ஜுக்கு மாத்தினா மறுநாள் சாயந்திரம் தயாரா இருக்கும். கவர் மேல தேதி எழுதுங்க, மூணு நாலு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க. செஞ்ச குழம்பை உறைய வைக்கப் போறீங்கன்னா மட்டும் உருளையைச் சேர்க்காதீங்க. இளகும்போது தண்ணி விட்டு மாவு மாவா ஆயிடும்.