மறு: சிறு ஜிடிபியேஸ் – முதலில் எந்த ‘டி’ என்று முடிவு செய்வோம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

செல்லுக்குள் சமிக்ஞைகளை இயக்கி நிறுத்தும் ‘சிறு ஜிடிபியேஸ்’ (small GTPase) என்ற புரத வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ‘ஜிடிபி நீராற்பகுப்பு நொதி’, ‘சிறு ஜி புரதம்’, ‘ஆளிப்புரதம்’ மூன்றுமே யோசித்துச் சொன்னவை. இவற்றில் ஒன்றைத் தேர்வதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு எந்தச் சொல்லை வைத்தாலும் பயனில்லை என்பது என் எண்ணம்.

குவானோசின் என்ற மூலக்கூறோடு மூன்று பாஸ்பேட் சேர்ந்திருந்தால் அது ஜிடிபி (GTP). கடைசிப் பாஸ்பேட் கழன்று இரண்டு மட்டும் மிஞ்சினால் அதுவும் ஜிடிபி (GDP). ‘டிரை’யின் டியும் ‘டை’யின் டியும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். போதாததற்கு, நாளிதழ் படிப்பவர்களுக்கு ஜிடிபி என்றால் நாட்டின் மொத்த உற்பத்தி.

எழுத்துக்கூட்டல் தொல்லைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தப் புரதங்களின் முழுக் கதையும் அந்த ஒரு பாஸ்பேட்டில்தான் இருக்கிறது. இவற்றில் ஒன்றான ராஸ் (Ras) புரதத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பாஸ்பேட் உள்ள மூலக்கூற்றைப் பிடித்திருக்கும்போது அதன் உடலில் இரண்டு பகுதிகள் இறுகி ஒரு வடிவத்துக்கு வருகின்றன. அந்த வடிவத்தை அடையாளம் கண்டு வேறு புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. ‘வளர், பிரி’ என்ற சமிக்ஞை செல்லுக்குள் பரவுகிறது. கடைசிப் பாஸ்பேட் போனதும் அந்தப் பகுதிகள் தளர்ந்துவிடும், சமிக்ஞையும் நின்றுவிடும்.

1982இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச்செல்களில் இந்தப் புரதத்தை ஆராய்ந்தபோது, 12ஆவது இடத்தில் இருக்க வேண்டிய கிளைசினுக்குப் பதிலாக வாலின் இருந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியிருந்தது. ஆனால் அதனால் பாஸ்பேட்டை வெட்டும் இடத்தில் நெருக்கடி ஏற்பட்டு வெட்டு நடக்காமல் போகிறது. சமிக்ஞை ஓயாமல் ஓடுகிறது. 2021இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற சோட்டோராசிப் என்ற மருந்து, அதே 12ஆவது இடத்தில் சிஸ்டீன் வந்துவிட்ட கேராஸ் (ராஸின் ஒரு வகை) புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அதை இரண்டு பாஸ்பேட் நிலையிலேயே நிறுத்திவைக்கிறது.

இந்தச் செய்தியை இப்போது நாம் எழுதும் முறையில் எழுதிப் பாருங்கள்: ‘ஜிடிபி நிலையில் சிக்கிய புரதம் புற்றுநோயை உண்டாக்குகிறது, மருந்து அதை ஜிடிபி நிலையில் பூட்டுகிறது.’ நோயும் மருந்தும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. பிளஸ் டூ மாணவி இதைப் படித்தால் புத்தகத்தை மூடிவைத்துவிடுவாள்.

இலங்கை நண்பர் சொன்ன தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே டிவி, டிக்கெட் என்பவற்றை ‘ரிவி’, ‘ரிக்கற்’ என்று எழுதும் வழக்கம் இருப்பதால் ‘ஜி.ரி.பி’, ‘ஜி.டி.பி’ என்று தெளிவாகவே பிரித்துவிடலாம். நியாயமான வழிதான். ஆனால் தமிழ்நாட்டில் படிப்பவர் ‘ரி’யை ‘ரி’ என்றே படிப்பார். கடலின் இரு கரைக்கும் பொதுவான சொல் வேண்டும் என்றால் ஒலிபெயர்ப்பை விட்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

என் பரிந்துரை எளிது. மூன்று பாஸ்பேட் இருந்தால் குவா-3, இரண்டு இருந்தால் குவா-2. சொல்லிலேயே எண்ணிக்கை தெரிகிறது, வாயிலும் எளிதாக வருகிறது. ஒரே பாஸ்பேட் என்றால் குவா-1. அதன் வளைய வடிவத்தை வளையக் குவா-1 என்று சொல்லிக்கொள்ளலாம். ஏடிபியிலும் (ATP, ADP) இதே குழப்பம் உண்டு, அங்கேயும் அடினோ-3, அடினோ-2 என்று போகலாம். யுரேனியம்-235 போல நிறையெண் என்று யாராவது நினைப்பார்களோ என்ற கேள்வி வரும். உயிர்வேதியியல் பாடத்தில் அந்தக் குழப்பத்துக்கு வாய்ப்புக் குறைவு.

சரி, இப்போது புரதத்தின் பெயருக்கு வருவோம். ‘ஏஸ்’ என்ற ஒட்டு நொதியைக் குறிப்பதால், குவா-3ஐப் பகுப்பது என்ற பொருளில் ‘குவா-3 பகுப்பி’ என்பது வேதியியல் கணக்கில் மிகச் சரி. ஆனால் இந்தப் புரதம் நொதியாக அவ்வளவு கெட்டியானது இல்லை. ராஸைத் தனியாக விட்டால் ஒரே ஒரு மூலக்கூற்றைப் பகுக்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். பகுப்பது அதன் பிழைப்பே இல்லை, வேலை முடிந்ததும் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் வழி அது. பகுப்பி என்று பெயர் வைத்தால் நிறுத்துவதற்குத்தான் பெயர் வைக்கிறோம், வேலைக்கு இல்லை.

அந்த வேலை என்ன என்பதை செல் உயிரியலாளர் ஆலன் ஹால் குழுவினர் லண்டனில் செய்த சோதனைகளில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. 1992இல் ஆன் ரிட்லியும் அவரும் ‘செல்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரைகளைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எலியின் நார்முன்செல்களை (ஃபைப்ரோபிளாஸ்ட்) சீரம் கொடுக்காமல் பட்டினி போட்டு வைத்தார்கள். பட்டினி கிடந்த செல்லுக்குள், அதற்கு உருவம் தரும் ஆக்டின் என்ற புரத நார்கள் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். அதற்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழலால் ரோ (Rho) என்ற சிறு புரதத்தைச் செலுத்தினார்கள். பிறகு, ஒரு நச்சுக்காளானிலிருந்து கிடைக்கும் ஃபாலாய்டினை ஒளிரும் சாயத்தோடு சேர்த்துப் பூசி ஆக்டினைப் பார்த்தார்கள். செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடித்த நார்கள் இழுத்துக் கட்டியது போல நின்றன. ராக் என்ற இன்னொரு சிறு புரதத்தைச் செலுத்தினால் செல்லின் ஓரத்தில் சவ்வு கொசுவம் கொசுவமாக மடிந்து எழுந்தது. மூன்றாவதான சிடிசி42 விரல் போன்ற நீட்சிகளை உண்டாக்குகிறது என்பது 1995இல் தெரிந்தது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள மூன்று புரதங்களில் எதைச் செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்துச் செல் தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது. (விரல் போன்ற நீட்சிக்கு இழைக்கால், தகடு போன்ற நீட்சிக்குத் தகட்டுக்கால் என்ற சொற்களை நாம் முன்பே பேசி முடித்துவிட்டோம். அமீபாவின் போலிக்காலோடு அவை இணக்கமாக இருக்கின்றன, மாற்ற வேண்டாம்.)

இதைச் செய்யும் பொருளுக்கு ‘ஆளி’ (சுவிட்ச்) என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘ஆளியை மூடு, திற’ என்று மின்சுற்றுப் பாடத்தில் வாழும் சொல் அது. நாம் புதிதாகப் புனையவே வேண்டாம். தமிழ்நாட்டில் ஆளி என்றால் விதை ஞாபகம் வரும், ஆளிப்புரதத்தை ஆளிவிதைப் புரதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று கோவை அம்மா எழுதியிருந்தார்கள். அந்த எதிர்ப்பு வலுவானது. ஊட்டச்சத்துப் பொடி விளம்பரங்களில் ஆளிவிதை இப்போது எங்கும் இருக்கிறது. ஆனாலும் அங்கே ‘விதை’ என்ற பகுதியை யாரும் விடுவதில்லை. நம் சொல்லின் முன்னால் ‘சிறு’ நிற்கப்போகிறது. ‘நிலைமாற்றி’ என்ற மாற்றுப் பரிந்துரை, தன் நிலையை மாற்றுவதா அடுத்ததன் நிலையை மாற்றுவதா என்று சொல்லாமல் விடுகிறது. ஆகவே என் வாக்கு ‘சிறு ஆளிப்புரதம்’ என்பதற்கே. நொதி வகைப்பாடு பேசும் இடத்தில் மட்டும் ‘குவா-3 பகுப்பி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘சிறு’ என்பதை விட்டுவிடலாமே என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. இவை 20 முதல் 25 கிலோடால்டன் எடைதான். ஏற்பிகளோடு வேலை செய்யும் மூவுறுப்பு ஜி புரதங்கள் வேறு குடும்பம், கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் 1994இல் நோபல் பரிசு கிடைத்தது அவற்றுக்காக. சிறியவற்றில் மட்டும் மனித உடலில் 150க்கு மேல் உண்டு. ராஸ், ரோ தவிர ராப், ரான், ஆர்ஃப் எல்லாம் இதில் அடக்கம்.

துணைப் புரதங்களில் இரண்டு பற்றி உடனே சொல்ல வேண்டும். ‘கேப்’ (GAP) என்பதை இந்த இழையில் ‘செயலூக்கப் புரதம்’ என்று போட்டிருப்பது ஆபத்து. அது ஊக்குவது பகுப்பை. அதன் விளைவாக ஆளி அணைந்துவிடுகிறது. ராஸுக்குள் ஒரு ஆர்ஜினினை விரல் போல நீட்டிப் பகுப்பைச் சுமார் லட்சம் மடங்கு விரைவாக்குகிறது. எனவே ‘பகுப்பூக்கி’. அப்புறம் ‘ஜெஃப்’ (GEF). ‘பரிமாற்றக் காரணி’ என்றால் அதுவே ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பது போல இருக்கிறது. உண்மையில் அது குவா-2 உட்கார்ந்திருக்கும் இடத்தை நெகிழ்த்திக் கழற்றிவிடுகிறது, அவ்வளவுதான். செல்லில் குவா-3 பல மடங்கு அதிகம் இருப்பதால் காலியான இடத்தில் பெரும்பாலும் அதுவே வந்து உட்காரும். ‘கழற்றி’ என்று சொன்னால் போதும்.

‘எஃபெக்டர்’ (effector) மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குவா-3 நிலையில் உள்ள ராஸோடு ராஃப் வந்து ஒட்டுகிறதே, அந்த ராஃப் போன்ற புரதங்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். ‘ஏற்பி’ ரிசெப்டருக்குப் போய்விட்டது, ‘விளைவி’ என்றால் ஆளியே அதை விளைவித்தது போலத் தொனிக்கிறது. வகுப்பில் பாடம் எடுக்கும் நண்பர்கள் மாணவர்களிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.