புதுப்பிப்பு: பழைய ஆலை நிலத்தின் திட்டத்தில் மக்கள் குரல் – தேடிய உதாரணம் கிடைத்தது

மூடிப்போன ஆலை நிலத்தைச் சுத்தப்படுத்திய பிறகு அங்கே என்ன வரவேண்டும் என்பதில் சுற்றுவட்டார மக்களின் பேச்சு எடுபட்ட ஓர் இடம் வேண்டும், இறுதியாண்டு ஆய்வுக்கு என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பழைய எரிவாயு ஆலை நிலத்தில் அமைந்த பூங்காவைப் பற்றியும் படித்தேன், நல்ல இடம்தான். ஆனால் என் கேள்விக்குப் பொருந்தியது ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகரைச் சொன்னவரின் பதில். அங்கே மைடரிஷ் இரும்பு உருக்காலை 1985இல் மூடப்பட்டது. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழ, உள்ளூர் மக்கள் சங்கமாகச் சேர்ந்து காப்பாற்றினார்கள். அந்த நிலத்தைப் பூங்காவாக்க நடந்த 1991 வடிவமைப்புப் போட்டியில் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் தேர்வானார். 1994இல் பூங்கா திறந்தது. தாதுக் கிடங்குச் சுவர்களில் இன்று மலையேற்றப் பயிற்சி. எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள்!

எதிர்பாராத விஷயம் ஒன்று: நச்சு மண் முழுவதையும் வெளியேற்றவில்லை. மோசமான பகுதியைப் பழைய கிடங்குகளுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டார்கள். 'சுத்தம்' என்று யாராவது சொன்னால், அந்த மண் எங்கே போனது என்று முதலில் கேளுங்கள். என் ஆய்வின் மையமே இப்போது அந்தக் கேள்விதான்.