தொண்டி மட்டும் ஏன் பொருந்தவில்லை?

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்திற்கு முன்பு, எங்கள் பகுதி மீனவர் சங்கம் ஒன்றிற்காக, படகுப் பதிவுகள் அடங்கிய எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் தரவை அடுக்கும் வடிவம்) கோப்பைப் பைத்தான் நிரல் கொண்டு ஊர்வாரிப் பட்டியலாக மாற்றினேன். ஒவ்வொரு படகுக்கும் ‘ஊர்’ என்றொரு பண்புக்கூறு உண்டு. அதன் மதிப்பை அடைப்புக்குறிக்குள் கொடுத்து, எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பைத்தான் நூலகமான எலிமென்ட்ட்ரீயில் தேடினேன். பாம்பனும் மண்டபமும் கீழக்கரையும் சரியாக வந்தன. தொண்டி, மோர்ப்பண்ணை, வாலிநோக்கம் ஆகிய ஊர்களில் ஒரு படகுகூட வரவில்லை. பொருத்தம் கிடைக்காதபோது அந்நூலகம் பிழைச்செய்தி எதுவும் தராது என்பதால், நான் கவனியாமல் விட்டிருந்தால் அந்த ஊர்க் குடும்பங்கள் நிவாரணப் பட்டியலிலேயே இல்லாமல் போயிருக்கும். அந்த நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

மேற்கோள்குறி, பெயர்வெளி என்று இரண்டு நாள் வேறெங்கோ தேடினேன். விடுபட்ட பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோதுதான், எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருப்பது கண்ணில் பட்டது. நான் தட்டிய ‘தொண்டி’யின் நீளம் 6 குறிகள், கோப்பில் இருந்ததன் நீளம் 7. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியபோது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே தங்கிவிட்டன. திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. தேடல் தொடருக்குள் இதைச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே, கோப்பைப் படித்தவுடன் எல்லாப் பண்புக்கூறு மதிப்புகளையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா கூறில் உள்ள, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி இயல்பாக்கத்திற்கு உட்படுத்தி, தேடும் பெயரையும் அவ்வாறே மாற்றிய பிறகு மூன்று ஊர்ப் படகுகளும் வந்து சேர்ந்தன.

கீழக்கரையிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. எங்கள் கோப்பில் இரண்டு சொற்கள் கொண்ட படகுப் பெயர்கள் சில மட்டும் பொருந்தவில்லை. யாரோ நீளமான வரியை அழகுக்காகப் பெயரின் நடுவிலேயே மடக்கி, அடுத்த வரியை உள்தள்ளியிருந்தார்கள். பண்புக்கூற்றுக்குள் வரும் வரிமுறிவை எக்ஸ்எம்எல் படிப்பி ஓர் இடைவெளியாக மாற்றுகிறது. ஆனால் வகை அறிவிக்கப்படாத பண்புக்கூற்றில் தொடர்ந்து வரும் இடைவெளிகளைச் சுருக்குவதுமில்லை, ஓரங்களை நறுக்குவதுமில்லை. சொற்களைப் பிரித்து ஒற்றை இடைவெளியால் மீண்டும் கோத்தேன், தீர்ந்தது. அண்ணன் சொன்ன குறிச்சிக்கலைக் கண்டறிய, பைத்தானின் ஆஸ்கி செயற்கூற்றில் மதிப்பைக் கொடுத்து அச்சிட்டால், ஒவ்வொரு குறியின் எண்ணும் வெளிப்படையாகத் தெரியும். நீளத்தை எண்ணுவதைவிட அது விரைவானது.