ஐசியூ வாசலில் உறுப்பு தானப் பேச்சு: யார் எடுப்பது, எப்போது எடுப்பது?

நைட்டூட்டி சிஸ்டர்:
அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். எங்கள் யூனிட்டில் டாக்டர் முதல் வார்டு பாய், செக்யூரிட்டி வரை எல்லாரும் உட்கார்ந்து உறுப்பு தானம் பற்றிப் பேச ஒரு கூட்டம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்களே "அது கோஆர்டினேட்டர் வேலை, நமக்கு ஏன் வம்பு" என்கிறார்கள். (உறுப்பு தானம் பற்றிக் குடும்பத்திடம் பேசும் ஒருங்கிணைப்பாளரைத்தான் அப்படிச் சொல்வோம்.) நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், தலையில் அடிபட்டு ஒரு பையன் வருகிறான். மாலையில் டாக்டர் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு "மூளைச்சாவு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ராத்திரி அந்த அம்மா உள்ளே வந்து பார்க்கிறார். மானிட்டரில் துடிப்பு 92, நெஞ்சு ஏறி இறங்குகிறது, கையைத் தொட்டால் சூடு. "பிழைச்சுருவானா சிஸ்டர்?" என்று கேட்டால் எங்களில் பெரும்பாலோர் சொல்வது "சாமிய வேண்டிக்கங்கம்மா". வாசலில் நிற்கும் வார்டு பாய் இன்னும் ஒரு படி மேலே போய், "போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் கெடந்தாரு, எந்திரிச்சு நடந்து போனாரு" என்கிறார். அவர் சொல்வது கோமா கேஸ், அதில் மூளைக்கு உயிர் இருக்கும். மூளைச்சாவில் மூளை மொத்தமாகச் செத்துவிட்டது, மூச்சு மெஷினால்தான் ஓடுகிறது. மறுநாள் கோஆர்டினேட்டர் வந்து தானம் என்று ஆரம்பித்தால், உயிரோடு இருக்கிற பிள்ளையை அறுக்கக் கேட்கிறார்கள் என்றுதானே அந்தத் தாய்க்குப் படும்?

பள்ளிபாளையம் குமார்:
சிஸ்டர், உங்க மனசு நல்ல மனசுதானுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுங்கறது என் கட்சி. குடும்பமா வந்து கேட்டா மட்டும் பேசுங்க.

எங்க சித்தப்பா பையன் பைக்ல விழுந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கெடந்தான். மூணாவது நாள் பில்லு கவுண்டர்ல இருந்த ஆளு, "டொனேட் பண்ணீங்கன்னா மீதிப் பணத்தைப் பாத்துக்கலாம்"னு சாடையா சொன்னாரு. அப்ப டாக்டர் யாரும் எங்ககிட்ட எறந்துட்டான்னு கூடச் சொல்லல. சித்தப்பா அங்கயே செருப்பைக் கழட்டிட்டாரு. எங்கூரு சமாச்சாரம் வேற உங்களுக்குத் தெரியும். 2025ல விசைத்தறி ஓட்டறவங்களோட கடனைக் காட்டி கிட்னியைக் கழட்டுனது பேப்பர் பூரா வந்துச்சு. எங்ககிட்ட வந்து 'தானம்'னா யாருங்க நம்புவா?

ஆர்.கே. மயக்கவியல்:
குமார், அந்த கவுண்டர் ஆள் செய்தது சட்டப்படி குற்றம். உறுப்புக்காகப் பணமோ பணத்துக்குச் சமமான சலுகையோ காட்டினால் 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011ல் திருத்தியபோது தண்டனையை இந்த அளவுக்கு ஏற்றினார்கள்.

இன்னொன்று. கிட்னி வியாபாரம் நடந்தது உயிரோடு இருப்பவர்களிடம். அதையும் மூளைச்சாவையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். மூளைச்சாவு என்று அறிவிக்க 4 டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். மாற்று ஆபரேஷன் செய்யப் போகிற சர்ஜன் அந்த நால்வரில் இருக்க முடியாது. ஒரே சோதனையை குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். மயக்க மருந்தின் வேலையா, உடல் குளிர்ந்து போனதா என்பதையெல்லாம் முதலிலேயே விலக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். வெண்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, நெஞ்சு ஒரு தடவையாவது தானாக எழும்புகிறதா என்று பார்ப்போம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு வழக்கமான அளவைத் தாண்டி 60 mmHg-க்கு ஏறும். மூச்சை நடத்தும் மூளைத்தண்டு உயிரோடு இருந்தால் அதைச் சகித்துக்கொண்டு சும்மா இருக்கவே இருக்காது.

தவிர, "பேச்சே எடுக்காதே" என்பதற்கு வழியில்லை. தானம் என்று ஒரு வாய்ப்பு இருப்பதைக் குடும்பத்துக்குத் தெரியப்படுத்துவது ஐசியூ டாக்டரின் கடமை, கோஆர்டினேட்டரைக் கலந்துகொண்டு. அதையும் 2011 திருத்தம்தான் சொல்கிறது.

பள்ளிபாளையம் குமார்:
டாக்டரே, இவ்வளவு சோதனை பண்றீங்க சரி. எல்லாம் கதவுக்கு உள்ள. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறவனுக்கு என்ன தெரியும்? அந்தக் குழாயைக் கழட்டறப்ப குடும்பத்துல ஒரே ஒருத்தரை உள்ள நிக்க விடுவீங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல.

லெஸ்டர் பூங்கோதை:
நான் இங்கிலாந்தில் ஐசியூ நர்ஸ். குமார் கேட்பது நியாயம். எங்கள் யூனிட்டில் குடும்பத்தார் விரும்பினால் சோதனை நேரத்தில் கட்டில் பக்கத்தில் நிற்கலாம். எல்லாரும் நிற்பதில்லை. நின்றவர்கள் அதற்கப்புறம் "ஒருவேளை உயிர் இருக்குமோ" என்று கேட்பது குறைவு.

இங்கே 2020 மே முதல் புதுச் சட்டம். சில விதிவிலக்குகள் தவிர, வேண்டாம் என்று பதிவு செய்யாத பெரியவர்கள் சம்மதித்தவர்களாகவே கொள்ளப்படுவார்கள். அப்படியிருந்தும் குடும்பத்தோடு பேசாமல் யாரும் கை வைப்பதில்லை. அந்தப் பேச்சை நடத்துவது அதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ். வைத்தியம் பார்த்த டாக்டர் இறப்பைச் சொல்வார். குடும்பம் அதைக் கேட்டு, அழுது, "அப்போ அடுத்து என்ன" என்று அவர்களாகத் தலை நிமிரும் வரை தானம் என்ற சொல் வராது. ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் முடிந்தது கதை.

ஆர்.கே. மயக்கவியல்:
சோதனையின்போது குடும்பத்தை நிற்க விடுவதில் எனக்குத் தயக்கம். தண்டுவடம் மட்டும் வேலை செய்து கை தூக்கும், சில சமயம் நெஞ்சுக்கு மேல் ரெண்டு கையும் வரும். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெற்றவர்கள் அதைப் பார்த்தால்?

நைட்டூட்டி சிஸ்டர்:
சார், அதைக் குடும்பம் எப்படியும் பார்க்கத்தான் செய்கிறது. சோதனையில் பார்க்காவிட்டால், பாசத்தில் காலைப் பிடித்து அமுக்கும்போது விரல் அசைவதைப் பார்க்கும். அப்போது பக்கத்தில் நிற்பது நீங்கள் இல்லை, நாங்கள். "அது தண்டுவடத்து அசைவும்மா, அவன் அசைக்கலை" என்று சொல்லத் தெரிந்த நர்ஸ் எங்கள் ஷிஃப்ட்டில் எத்தனை பேர்? இதற்குத்தான் கூட்டம் கேட்கிறேன். தானம் கேட்க எங்களைத் தயார்படுத்தச் சொல்லவில்லை.

திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி 2008ல் தங்கள் மகன் உறுப்புகளைக் கொடுத்தார்களே, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயத்தை 11 நிமிடத்தில் கொண்டுபோனார்கள். எல்லாரும் அந்த வண்டியைப் பற்றியே பேசுகிறோம். பெற்றவர்கள் ரெண்டு பேரும் டாக்டர்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம்மிடம் வருகிறவர்களுக்கு அந்தப் படிப்பு இல்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

வாரம்மூணுதடவை:
என் வீட்டுக்காரர் டயாலிசிஸில் இருக்கிறார். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. போன் அடித்தால் எழுந்து ஓட ஒரு பை எப்போதும் கட்டி வைத்திருக்கிறேன். அதனால் நான் நடுநிலை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குமார் தம்பி, நீங்கள் சொல்வது போல் குடும்பமே வந்து கேட்கட்டும் என்று இருந்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் தானாகவா தோன்றும்? 2023 செப்டம்பரில் தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று முதல்வர் அறிவித்தார். அந்த வருடம் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்து தானம் செய்தவர்கள் 178 பேர், அடுத்த வருடம் 268. மாலை மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊரில் பத்துப் பேர் அதைப் பார்க்கிறார்கள், வீட்டில் பேச்சு வருகிறது.

பள்ளிபாளையம் குமார்:
அக்கா, உங்க வீட்டுக்காரருக்குச் சீக்கிரம் கெடைக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா கணக்கு ஏறுச்சுன்னு சொல்றதுலதான் பயமே. இன்னிக்கு மாநிலத்துக்கு நம்பர், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு டார்கெட், அப்பறம் சிஸ்டருக்கு மெமோ. 2018ல சென்னையில தானமா வந்த இதயம் வெளிநாட்டுக்காரங்களுக்குப் போகுதுன்னு எவ்வளவு பெரிய சர்ச்சை ஆச்சு!

மாலை போட ரெவின்யூ ஆர்டிஓ வர்றாருங்க, சரி. விபத்து கேஸ்னா போலீஸ் வரணும், பிஎம் (போஸ்ட்மார்ட்டம்) நடக்கணும், பாடி எப்ப வரும்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. சுடுகாட்டுல ஆளு காத்துக் கெடக்கும். அதைப் பத்தி எந்தக் கூட்டத்துலயாவது பேசறாங்களா?

கோர்ட் வாசல்:
பிஎம் பற்றி ஒரு தகவல். சூரியன் மறைந்தபின் பிரேதப் பரிசோதனை கூடாது என்ற பழைய நடைமுறையை மத்திய அரசு 2021 நவம்பரில் மாற்றியது. வசதியுள்ள மருத்துவமனையில் இரவிலும் செய்யலாம், தானம் செய்தவர்களுக்கு முன்னுரிமை. கொலை, தற்கொலை போன்ற கேஸ்களுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. உங்கள் ஊர் மார்ச்சுவரியில் இது நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

என் சந்தேகம் இன்னும் அடிப்படையானது. நம் நாட்டில் மூளைச்சாவு என்பது உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது. குடும்பம் 'தானம் வேண்டாம்' என்றால் வெண்டிலேட்டரை நிறுத்தலாமா என்று அந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை. கேரளா 2020ல் அரசாணை போட்டு, தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் மூளைச்சாவு சாவுதான் என்று தெளிவாக்கியது. மற்ற இடங்களில் டாக்டர்கள் பயந்துகொண்டு ஓட விடுகிறார்கள். சொல்வது 'இறந்துவிட்டார்', செய்வது வைத்தியம். அப்புறம் குடும்பம் எப்படி நம்பும்?

பள்ளிபாளையம் குமார்:
இதைத்தானுங்க நான் சொல்ல வந்தது, வக்கீல் அய்யா ஒரே வரியில சொல்லிட்டாரு. ஆர்.கே. டாக்டர், நேராவே கேக்கறேன். குடும்பம் சரின்னு கையெழுத்துப் போட்டா அதுக்கப்பறம் ஆகற செலவு யாரோடது?

ஆர்.கே. மயக்கவியல்:
சம்மதித்த பிறகு உறுப்புகளைக் காக்க ஆகும் செலவு, எடுக்கும் ஆபரேஷன் செலவு எதுவும் குடும்பத்தின் தலையில் விழாது. விதி அப்படி.

பள்ளிபாளையம் குமார்:
வேண்டாம்னா?

ஆர்.கே. மயக்கவியல்:
வெண்டிலேட்டர் ஓடும் வரை தனியாரில் பில் ஓடும். இதயம் தானாக நிற்கும் வரைக்கும், அல்லது வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று அவர்கள் கையெழுத்துப் போடும் வரைக்கும்.

பள்ளிபாளையம் குமார்:
அப்ப 'சரி'ன்னா மீட்டர் நிக்குது, 'வேண்டாம்'னா ஓடுது. யாரும் சாடை காட்ட வேண்டியதே இல்லீங்களே, பில்லே பேசுதே.

ஆர்.கே. மயக்கவியல்:
அது தானத்தின் குற்றம் இல்லை, சட்டத்தில் இருக்கும் ஓட்டை. இதற்காகப் பேச்சையே நிறுத்தச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது சோதனை முடிந்த நிமிடத்திலிருந்து, எந்தப் பதில் வந்தாலும், படுக்கைக் கட்டணம் கிடையாது என்று தனியார் மருத்துவமனைகள் எழுதி ஒட்டலாம்.

கோர்ட் வாசல்:
ஒட்டுவார்கள் என்று நம்புகிறீர்களா?

லெஸ்டர் பூங்கோதை:
சிஸ்டர், உங்கள் கூட்டத்துக்கு ஒரு யோசனை. ரெண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், கதவு சாத்துகிற ஒரு ரூம் முதலில் கேளுங்கள். காரிடாரில் நின்றபடி சொல்லும் எந்தச் செய்தியும் குடும்பத்தின் காதில் ஏறாது. மற்ற பயிற்சியெல்லாம் அப்புறம்.

நைட்டூட்டி சிஸ்டர்:
ரூம் இருக்கிறது, இப்போது அதில் சலைன் பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் காலி செய்யக் கேட்கிறேன். எங்களிடம் பில் இல்லை. ஆனால் குடும்பம் வேண்டாம் என்றால் அந்தக் கட்டிலுக்கு என்ன செய்வது என்பதில் எங்களுக்கும் எழுதி வைத்த பதில் கிடையாது, டூட்டி டாக்டர் யாரோ அவரைப் பொறுத்தது. இந்தக் கேள்வியையும் சூப்பரின்டெண்ட் முன்னால் வைக்கிறேன். குமார், வார்டு பாய்க்கு நான் சொல்லப் போவது தானம் பற்றி இல்லை. எழுந்து நடந்து போனவர் கதையைச் சொல்லாதே என்பது மட்டும்தான். இதற்கும் ஆட்சேபணையா?

பள்ளிபாளையம் குமார்:
அதுக்கு இல்லீங்க சிஸ்டர். அதைத் தாராளமாச் சொல்லுங்க. தானம்ங்கற பேச்சை எடுக்கறதுக்குத்தான் இன்னும் ஆட்சேபணை.