எஸ்யூவியை இறக்கிப் போட்டவங்க வண்டியில் பார்த்தது: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

கொருக்குப்பேட்டையிலிருந்து:
வண்டி உயரத்தைக் குறைக்கிற கிட் (குட்டை ஸ்பிரிங் செட்) விக்கறவங்க பெட்டி மேல 40, 50 மி.மீ.ன்னு போட்டிருப்பாங்க. நம்ம ஏரியாவுக்கு 25, மிஞ்சினா 30. அதுக்கு மேல வேணாம். கிரெட்டாவுக்குக் கம்பெனி சொல்ற கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) 190. அதுல 30 போனா 160. பின்சீட்ல மூணு பேர், டிக்கியில சாமான்னா இன்னும் இறங்கும். ஸ்பீட் பிரேக்கர் இந்திய சாலைக் காங்கிரஸ் (சாலைத் தரம் வகுக்கிற அமைப்பு) அளவுப்படி 100 மி.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். தெருவுக்குள்ள ராத்திரியோட ராத்திரியா போடறதுக்கு அளவு ஏது? உயரம் ஜாஸ்தி, அகலம் ஒரு முழம். முன்சக்கரம் தாண்டி இறங்குறப்ப ஸ்பிரிங் முழுசா அமுங்கும், அந்த நேரம் பார்த்து வண்டி வயித்துல இடிக்கும்.

மணலி, எண்ணூர் ரோட்டுல வேற தொல்லை. கன்டெய்னர் டிரெய்லர் ஓடி ஓடி சக்கரத் தடம் பள்ளமாயி, நடுவுல தார் மேடு கட்டி நிக்குது. அந்தத் தடத்துல சக்கரம் விழுந்தா மேடு நேரா சைலன்சர் பைப்புக்கு வரும்.

வியாசர்பாடியிலிருந்து:
மேல சொன்னதோட மழையையும் சேத்துக்கோங்க. வண்டி 30 இறங்கினா ஏர் இன்டேக்கும் (இன்ஜின் காத்து இழுக்கிற வாய்) அதே 30 இறங்குது. கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்கிற அன்னைக்கு அந்த 30 பெரிய விஷயம்.

மாதவரத்திலிருந்து:
எந்த கிட் என்பதைப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) (கிரெட்டா வகை): ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் 30 வரை சமாளிக்கலாம். கம்பெனி ஷாக் 60,000 கி.மீ. தாண்டியிருந்தால் கையோடு ஷாக்கையும் மாற்றிவிடுங்கள். குட்டை ஸ்பிரிங் கெட்டியாகவும் இருக்கும், அது திரும்பி எழும் வேகத்தைப் பழைய ஷாக் பிடித்து நிறுத்தாது. எண்பதில் போகும்போது பின்பக்கம் குதிப்பது இதனால்தான்.

பின்னால் ஒரே ஆக்ஸில், காயில் ஸ்பிரிங், குறுக்கே ஒரு ராடு (ஃபார்ச்சூனர் வகை): வண்டி இறங்கினால் அந்த ராடின் சாய்வு மாறி, ஆக்ஸில் சில மி.மீ. ஒரு பக்கம் தள்ளி உட்காரும். ஒரு பக்க டயர் மட்டும் ஃபெண்டருக்கு (சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு) வெளியே தெரியும். நீளம் மாற்றக்கூடிய ராடு கிட்டில் இல்லையென்றால் அந்த கிட் வேண்டாம். ஸ்கார்ப்பியோ-என்னில் வாட்ஸ் லிங்கேஜ் (ஆக்ஸிலை நடுவிலேயே நிறுத்தும் இணைப்பு) இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

லீஃப் (பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்) வண்டிக்கு 'லோயரிங் பிளாக்' என்று ஒரு இரும்புக் கட்டையைக் கொடுப்பார்கள். ஆக்ஸில் லீஃபுக்கு மேலே இருந்தால் மட்டுமே அது வண்டியை இறக்கும். ஆக்ஸில் லீஃபுக்குக் கீழே இருந்தால் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும்! போட்டால் ஆக்ஸிலையும் லீஃபையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பூட்டக் கூடாது, நீளமான புதுசு வேண்டும்.

பழைய சஃபாரி மாதிரி முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) உள்ளவற்றுக்கு முன்பக்கம் கிட்டே தேவையில்லை, அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டைத் தளர்த்தினாலே இறங்கும். பம்ப் ஸ்டாப்பருக்கு (முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) மிச்சம் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
ஸ்பிரிங்கை வெட்றது, காஸ் வெல்டிங்ல சூடு காட்டி உக்கார வெக்கிறது, ரெண்டும் வேணாம். சூடு பட்ட இடத்துல டெம்பர் (ஸ்பிரிங்கோட உறுதி) போயிடும், அப்புறம் ஒரு நாள் அங்கயே முறியும். வெட்டினா கடைசி சுத்து கப்புல சரியா உக்காராது. வண்டியை ஜாக்கியில தூக்கினதும் ஸ்பிரிங் லூசாகித் திரும்பிக்கும்.

இப்ப மாட்டற வேலை. சமதரையில நிறுத்தி, காத்து சரி பண்ணி, நாலு சக்கரத்துக்கும் ஹப் நடுவிலேர்ந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதிக்கோங்க. இது இல்லாம 'எவ்ளோ இறங்கிச்சு'ன்னு பேச முடியாது. ஸ்டாண்டு போட்டுட்டு முதல்ல ஏ.பி.எஸ். ஒயர் கிளிப், பிரேக் ஹோஸ் பிராக்கெட், லிங்க் ராடு மூணையும் விடுவிக்கணும். நக்கிள்ல (சக்கரத்தைத் தாங்குற இரும்பு) ஸ்ட்ரட் உக்கார்ற இடத்தைச் சுத்தி மார்க் போடுங்க. ஸ்ட்ரட்டைப் பிடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டும் கழண்டு வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். கம்பியால கட்டி நிறுத்தலைன்னா ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட் உள் ஜாயின்ட் கழண்டு வரும்.

ஸ்ட்ரட் மேல இருக்கிற நடு நட்டை, ஸ்ட்ரட் வண்டியில இருக்கும்போது முழுசா கழட்டவே கூடாது. வெளிய எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரஸர் ரெண்டை நேரெதிரா மாட்டி, ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி கையாலயே இறுக்குங்க. ஏர் கன் வேணாம். புது ஸ்பிரிங்கோட கீழ் முனை கப்புல இருக்கிற படியில போய் நிக்கணும். டாப் மவுன்ட் பேரிங் உரசுதுன்னா இப்பவே மாத்துங்க, இன்னொரு தடவை இந்த வேலையை யாரும் செய்யப் போறதில்ல. கிட்ல குட்டை பம்ப் ஸ்டாப்பர் வந்திருந்தா அதைத்தான் போடணும். பழசை அப்படியே விட்டா வண்டி ஸ்பிரிங்ல நிக்காம ரப்பர்ல நிக்கும். 'கிட் ரொம்ப ஹார்டு'ன்னு பழி ஸ்பிரிங் மேல விழும்.

நம்ம ஊர்ல முக்காவாசி கடையில தப்பு நடக்கிற இடம் இனிமேதான். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ பிடிக்கிற கை) புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே டைட் பண்றாங்க. அந்த புஷ் ரப்பர் ரெண்டு பக்க இரும்போடயும் ஒட்டினது. தொங்கற நிலையில பூட்டிட்டு வண்டியைக் கீழ இறக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிட்டே நிக்கும். சில மாசத்துல கிழிஞ்சு டக் டக்னு சத்தம். பின்பக்க புஷ்ஷுக்கும் இதேதான். போல்ட்டைக் கையால மட்டும் பூட்டி வெச்சு, வண்டி நாலு சக்கரத்துல நின்னு, முன்ன பின்ன ஒரு தடவை உருட்டினப்புறம் சர்வீஸ் மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்குற அளவு) ரெஞ்ச் போடுங்க.

அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரி பண்றது) அன்னைக்கே பண்ணுங்க, 500லேர்ந்து 1,000 கி.மீ. ஓடி ஸ்பிரிங் உக்காந்ததும் இன்னொரு தடவை. டயரைத் தின்றது கேம்பரை (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளயோ வெளியவோ சாயறது) விட டோ (சக்கரத்தோட முன்பக்கம் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கறது) தான். கேம்பர் ரொம்ப உள்ள போயிருந்தா கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரி வரைக்கும் மீட்கலாம்.

திருவொற்றியூரிலிருந்து:
தண்டையார்பேட்டை அண்ணா சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரி தனிச் சட்டம்) பழைய வண்டிகள் சிலதுல பின் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு கம்பி போகும், லோடு சென்சிங் வால்வு. வண்டி இறங்கினா லோடு ஏறியிருக்குன்னு அது நினைச்சுக்கும், பின் பிரேக்குக்குப் பிரஷரைக் கூட்டி அனுப்பும். காலி வண்டியில, ஈர ரோட்ல பிரேக் அடிச்சா பின்சக்கரம் லாக் ஆகி வால் திரும்பும். எத்தனை இறக்கினீங்களோ அதுக்கேத்த மாதிரி அந்தக் கம்பியை அட்ஜஸ்ட் பண்ணணும்.

காயிலோவர் (திருகி உயரம் மாத்தற ஸ்பிரிங்-ஷாக் செட்) ஆசை இருக்கறவங்களுக்கு: கடல் காத்துல திரெட்டு துரு ஏறிப் பிடிச்சுக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிரஷ் போட்டுக் கழுவி, ஆன்டி சீஸ் (திரெட்டு பிடிச்சுக்காம இருக்கற பேஸ்ட்) தடவி, காலர் ரெண்டையும் கொஞ்சம் சுத்தி விடறதுன்னா வாங்குங்க. இல்லன்னா நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் போதும்.

பெரம்பூரிலிருந்து:
சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். திரும்ப மாட்ட வேண்டி வரலாம், பழைய ஸ்பிரிங்கைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:
ஹெட்லைட்டை மறந்துடாதீங்க. முன்பின் சமமா இறங்கலைன்னா வெளிச்சம் மேல தூக்கிக்கும், இல்ல பானெட் முன்னாடியே விழும். ஆட்டோ லெவலிங் சென்சார் இருந்தா புது உயரத்தை ஸ்கேனர்ல பதிஞ்சு விடணும். கண்ணாடியில ஏடாஸ் (டிரைவருக்கு உதவற எச்சரிக்கை, பிரேக் வசதி) கேமரா இருக்கிற வண்டின்னா அதுக்கும் காலிப்ரேஷன் உண்டு. வேலையை ஒத்துக்கறதுக்கு முன்னாடியே அந்த ஸ்கேனர் கடையில இருக்கான்னு கேட்டுக்கோங்க.